கால் புடிச்சுக்கிச்சா? பாட்டிலை எடுக்குறதுக்கு முன்னாடி கியரைப் பாருங்க

ஒலிவடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் திருத்தப்பட்டுள்ளன.

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். போன எபிசோட்ல பேச்சுவாக்குல ஒரு வரி சொல்லிட்டேன்: "கொல்லிமலையில கால் புடிச்சு நடுரோட்டுல விழுந்தேன்"னு. அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "எனக்கும் மலை ஏறும்போது கால் புடிக்குது ப்ரோ, என்ன குடிக்கணும்?"

அந்தக் கேள்வியை நானும் ரெண்டு வருஷம் கேட்டுக்கிட்டே இருந்தேன். கேட்ட கேள்வியே தப்புன்னு புரிய ஒரு ஆஸ்பத்திரி பெட் தேவைப்பட்டுச்சு. அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

முதல்ல கொல்லிமலை. தெரியாதவங்களுக்கு, நாமக்கல் மாவட்டம். அடிவாரத்துல காரவள்ளின்னு ஒரு ஊர். அங்கே இருந்து மேலே போற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட போர்டு இருக்கும். கார்ல போறவங்களுக்கு அது ஜாலி. சைக்கிள்ல போறவனுக்கு அது வட்டிக்காரர் நோட்டு மாதிரி. இன்னும் எவ்ளோ பாக்கின்னு காட்டிக்கிட்டே இருக்கும்.

நான் சென்னை. என் பிராக்டிஸ் எல்லாம் ஈசிஆர்ல. விடியுறதுக்கு முன்னாடி கிளம்பி, மாமல்லபுரம் போய் பொங்கல் வடை சாப்பிட்டுத் திரும்புற கோஷ்டி. வாரத்துக்கு 150 கிலோமீட்டர் ஓட்டுறோம், அதனால நாம ஃபிட்டுன்னு ஒரு நினைப்பு. ஆனா சென்னையில மேடுன்னா என்ன? மேம்பாலம். கத்திப்பாராவுல ஏறி மூச்சு வாங்குறதுக்குள்ள இறக்கம் வந்துடும். தொடர்ந்து ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஏறுறதுன்னா என்னன்னு என் காலுக்குத் தெரியவே தெரியாது.

அன்னைக்கு நான் மெடிக்கல் ஷாப் மாதிரிதான் போனேன். ஒரு பாட்டில்ல ஓஆர்எஸ், இன்னொண்ணுல எலக்ட்ரோலைட் மாத்திரை கரைச்ச தண்ணி, பாக்கெட்ல வாழைப்பழம், உப்பு தூக்கலா போட்ட உருளைக்கிழங்கு. நாமக்கல்ல இருந்து அடிவாரம் வரைக்கும் லோக்கல் பசங்களோட போட்டி போட்டு மிதிச்சேன். முதல் 20 வளைவுல மூணு பேரை முந்தினேன். அவ்ளோ சந்தோஷம்.

38-வது வளைவு பக்கத்துல வலது முட்டிக்கு மேல, தொடையோட உள்பக்கம், ஒரு துடிப்பு. தோலுக்கு அடியில மண்புழு நெளியுற மாதிரி. இந்தத் துடிப்பை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருவேன். நான் என்ன பண்ணேன்? "ஓ, உப்பு பத்தலை"ன்னு ஓஆர்எஸ் பாட்டிலை மடமடன்னு முழுசா குடிச்சிட்டு அதே வேகத்துல மிதிச்சேன்.

43-வது வளைவு. வளைவோட உள்பக்கம் எப்பவும் கூடுதல் செங்குத்தா இருக்கும். சீட்டை விட்டு எழுந்து நின்னு ஒரு மிதி மிதிச்சேன். ரெண்டு தொடையும் ஒரே நேரத்துல கல்லு மாதிரி இறுகிடுச்சு. என் ஷூ பெடல்ல மாட்டிக்கிற டைப். கழட்டணும்னா குதிகாலை வெளிப்பக்கம் திருப்பணும். தொடை பூட்டிக்கிட்டா குதிகால் எப்படித் திரும்பும்? சைக்கிள் நின்னுடுச்சு, நான் அப்படியே மரம் சாயுற மாதிரி வலதுபக்கம் சாஞ்சேன். வலதுபக்கம்னா ரோட்டு நடு. மேலே இருந்து ஒரு பஸ் இறங்கி வந்துக்கிட்டு இருக்கு.

டிரைவர் அண்ணன் ஏற்கெனவே மெதுவாத்தான் வந்தார், வளைவு இல்லையா. அதனாலதான் இன்னைக்கு இந்த மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கேன். கண்டக்டர் இறங்கி வந்து ஷூவைக் கழட்டி, சைக்கிளை ஓரமா எடுத்துப் போட்டு, "நரம்பு இழுத்துக்கிச்சா தம்பி? உட்காராதீங்க. என் தோளைப் புடிங்க, குதிகாலைப் பின்னாடி தூக்கிப் புடிங்க"ன்னார். கத்திக்கிட்டே செஞ்சேன். அரை நிமிஷத்துல இறுக்கம் விட்டுச்சு. அப்போ பஸ் ஜன்னல்ல இருந்து ஒரு பாட்டி, "அந்தப் புள்ளைக்கு உப்பு போட்டுத் தண்ணி குடுங்கய்யா"ன்னாங்க.

நல்லா கவனிங்க. கண்டக்டர் "நரம்பு"ன்னார். பாட்டி "உப்பு"ன்னாங்க. கால் புடிக்கிறது எதனாலங்கிற விஷயத்துல நூறு வருஷமா நடக்குற விஞ்ஞானச் சண்டையோட ரெண்டு கட்சியும் அந்த ஒரே பஸ்ல இருந்துச்சு.

நான் பாட்டி கட்சியில சேர்ந்தேன். தப்பாப் போச்சு.

வீட்டுல செயின் அறுந்துடுச்சுன்னு பொய் சொன்னேன். ரைடு ஆப்லயும் அதையேதான் எழுதினேன். அடுத்த மலை ஏலகிரி. 14 வளைவுதான். ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பேரு வெச்சிருப்பாங்க. இந்த முறை விடக்கூடாதுன்னு ராத்திரியில இருந்தே தண்ணி. ரைடுல தாகம் எடுக்குதோ இல்லையோ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி. ஓஆர்எஸ் பாக்கெட் தீர்ந்த பிறகு வெறும் தண்ணி. மலையை ரெண்டு தடவை ஏறி இறங்குற பிளான். ஆறு மணி நேரத்துல எட்டு லிட்டர் உள்ளே போயிருக்கும். அப்பவும் கால் புடிச்சுது, ரெண்டாவது ஏத்தத்துல, அதே தொடை. வள்ளல்கள் யாரும் எனக்கு எதுவும் தரலை. கீழே இறங்குனதும் தலைவலி, வாந்தி, பேச்சு கொஞ்சம் குழறல். கூட வந்தவன் பயந்துபோய் ஆஸ்பத்திரியில சேர்த்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தா சோடியம் 129. சாதாரணமா 135-ல இருந்து 145 வரை இருக்கணும். அளவுக்கு மீறித் தண்ணி குடிச்சு ரத்தத்தையே நீர்த்துப்போக வெச்சிருக்கேன்.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடின 488 பேரோட ரத்தத்தைச் சோதிச்சு, 2005-ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. அதுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்துச்சு. அந்த மாரத்தான்லயே ஒரு பெண் இதனால இறந்தும் போனாங்க. "நிறைய தண்ணி குடி"ங்கிற அறிவுரை எப்பவுமே பாதுகாப்பானது இல்லை.

பெட்ல படுத்துக்கிட்டு இருந்தப்போதான் படிக்க ஆரம்பிச்சேன். பாட்டி கட்சியோட கதை 1920கள்ல இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்கள்ல இருந்து வருது. சூடான சுரங்கத்துல மணிக்கணக்கா வேர்வை கொட்டி, வெறும் தண்ணி குடிச்ச தொழிலாளிகளுக்கு உடம்பெல்லாம் இழுத்துக்கிச்சு. தண்ணியில உப்பு கலந்து குடுத்தாங்க, குறைஞ்சுது. அது உண்மைதான். ஆனா அந்தச் சுரங்கத்து அனுபவத்தை அப்படியே தூக்கி எல்லா விளையாட்டுக்கும் போட்டுட்டோம். அதுக்கு மேல ஒரு பெரிய பான வியாபாரமே உட்கார்ந்திருக்கு.

1997-ல தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வெல்னஸ்ங்கிற டாக்டரும் அவரோட சகாக்களும் வேற ஒண்ணு சொன்னாங்க. இந்தக் கட்சி எழுப்புற கேள்விகள் ரொம்ப எளிமை. உப்பு குறையுறது ரத்தத்துலன்னா, அது உடம்பு முழுக்கத்தானே குறையும்? அப்புறம் ஏன் வேலை செஞ்ச தசை மட்டும் புடிச்சுக்குது? என் கை ஏன் புடிச்சுக்கலை, காது ஏன் புடிச்சுக்கலை? அடுத்தது, காலை நீட்டிப் பிடிச்சா அரை நிமிஷத்துல சரியாகுதே, நீட்டுறதுல உப்பு எங்கே இருந்து வந்துச்சு? அயர்ன்மேன் டிரையத்லான் மாதிரி நீண்ட போட்டிகள்ல கால் புடிச்சவங்க ரத்தத்தையும் புடிக்காதவங்க ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. சோடியத்துலயோ நீரிழப்புலயோ சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. யாருக்கு அதிகமா புடிச்சுதுன்னா, தன் தகுதிக்கு மீறி வேகமாப் போனவங்களுக்கும், முன்னாடியே புடிச்ச அனுபவம் இருக்கிறவங்களுக்கும்.

அவங்க சொல்ற விளக்கம் இதுதான். நம்ம தசையில ரெண்டு உணர்கருவி இருக்கு. தசைக்குள்ள இருக்கிறது ஆக்ஸிலரேட்டர் மாதிரி, "சுருங்கு, சுருங்கு"ன்னு தண்டுவடத்துக்குச் சொல்லும். தசையும் எலும்பும் சேர்ற தசைநாண்ல இருக்கிறது பிரேக் மாதிரி, "போதும், விடு"ன்னு சொல்லும். தசை பழக்கத்துக்கு மீறிக் களைச்சா ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கும், பிரேக் வீக் ஆகும். நரம்பு விடாம "சுருங்கு"ன்னு கட்டளை அனுப்பிக்கிட்டே இருக்கும். அதுதான் அந்தக் கல்லு. நீட்டிப் பிடிக்கும்போது தசைநாண் இழுபடுது, பிரேக் வேலை செய்யுது, தசை விடுது. நம்ம ஊர்ல யாருக்குக் கால் புடிச்சாலும் "நரம்பு இழுத்துக்கிச்சு"ன்னு சொல்றோம்ல? நரம்பு உண்மையில இழுக்கப்படலை, சுருட்டவும் இல்லை. ஆனா கோளாறு நரம்போட கட்டளையிலங்கிற அளவுல கண்டக்டர் அண்ணன் கரெக்ட்.

பாட்டி முழுசா தப்புன்னும் சொல்ல மாட்டேன். சண்டை இன்னும் முடியலை. சித்திரை வெயில்ல நாலு மணி நேரம் வேர்வை ஊத்தி, ஜெர்சியில வெள்ளையா உப்பு படியுற ஆளுங்களுக்கு உப்பும் ஒரு காரணமா இருக்கலாம். நீர்ச்சத்து குறைஞ்சா களைப்பும் சீக்கிரம் வரும். அதனால உப்பு, எலுமிச்சை ஜூஸ், மோர் எல்லாம் குடிங்க, தாகத்துக்குக் குடிங்க. ஆனா குளிர்ந்த டிசம்பர் காலையில, மலையில, ரெண்டு மணி நேரத்துக்குள்ள கால் புடிக்குதுன்னா, பாட்டில்ல பதில் இல்லை. மக்னீசியம் மாத்திரை கேட்டவங்களுக்கு: 2020-ல காக்ரேன் அமைப்பு இருக்கிற ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்துச்சு. வயசானவங்களுக்கு வர்ற கால் இழுப்புக்கே பெரிசா பலன் இருக்க வாய்ப்பில்லைன்னு சொல்லுச்சு. உடற்பயிற்சியில வர்றதுக்கு முறையான ஆய்வே அவங்களுக்குக் கிடைக்கலை.

இங்கே ஒரு சுவாரஸ்யமான கிளைக்கதை. அமெரிக்காவுல வெள்ளரிக்காய் ஊறவெச்ச புளிப்புத் தண்ணியைக் குடிச்சா கால் இழுப்பு நிக்கும்னு ஒரு நம்பிக்கை. 2010-ல கெவின் மில்லர்ங்கிற ஆய்வாளர் இதைச் சோதிச்சார். கால் பெருவிரல் தசையில மின்சாரம் குடுத்து வேணும்னே இழுப்பை வரவெச்சு, அந்தத் தண்ணியைக் குடிக்கக் குடுத்தார். சராசரியா ஒன்றரை நிமிஷத்துக்குள்ள நின்னுடுச்சு. வெறும் தண்ணி குடிச்சவங்களுக்கு அதைவிட நேரம் ஆச்சு. ஒன்றரை நிமிஷத்துல உப்பு வயித்துல இருந்து ரத்தத்துக்குப் போகவே முடியாது. ரத்தத்துல மாற்றமும் இல்லை. அப்போ எது வேலை செஞ்சுது? வாயிலயும் தொண்டையிலயும் அடிக்கிற புளிப்பு, நரம்புக்கு ஒரு அதிர்ச்சி குடுத்து அந்தக் கட்டளையை அடக்குதுன்னு அனுமானிக்கிறாங்க. வேதியியல் நோபல் 2003-ல வாங்கின ராட் மெக்கின்னன் தெரியுமா? அவர் கயாக் ஓட்டுறவர். கடல்ல கை புடிச்சு மாட்டிக்கிட்ட அனுபவத்துக்கு அப்புறம் இதே விஷயத்தைத் தோண்டினார். இஞ்சி, பட்டை, மிளகாய் மாதிரி காரம் தொண்டை நரம்பைத் தூண்டுதுன்னு சொல்லி ஒரு பானமே கொண்டுவந்தார். நம்ம வீட்டு நார்த்தங்காய் ஊறுகாயை யாரும் சோதிக்கலை. நான் ஒரு துண்டு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போறேன். அது மருந்துன்னு சொல்லலை, பிடிக்கும், அவ்ளோதான்.

சரி, இப்போ கியர். எனக்கு உண்மையில உதவுனது இது. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் சைக்கிளை சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் அண்ணன் பின்சக்கரத்தைப் பார்த்துட்டு, "இந்தப் பல்லை வெச்சுக்கிட்டா கொல்லிமலை போனீங்க?"ன்னு சிரிச்சார். எனக்கு முன்னாடி சின்ன செயின் வீல் 34 பல்லு, பின்னாடி பெரிய பல்சக்கரம் 28.

கணக்கு போட்டுப் பாருங்க. ரோடு பைக் சக்கரம் ஒரு சுத்துக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் போகும். 34-க்கு 28 போட்டா, பெடல் ஒரு சுத்துக்கு வண்டி 2.55 மீட்டர் நகரணும். மலையில என் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். அதாவது நிமிஷத்துக்கு 125 மீட்டர். அப்போ நிமிஷத்துக்கு 49 சுத்து. ஒவ்வொரு சுத்தும் மாவு மூட்டையைத் தள்ளுற மாதிரி இருக்கும். பின்னாடி 34 பல்லு போட்டா, அதே வேகத்துக்கு 60 சுத்து. ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படுற அழுத்தம் ஆறுல ஒரு பங்குக்கு மேல குறையுது. மலை ஏற மொத்த வேலை அதேதான். ஆனா அதைச் சின்னச் சின்ன மூட்டையா சுமக்குறோம். மூச்சு கொஞ்சம் அதிகம் வாங்கும், தொடை பிழைக்கும். கேசட்டும் செயினும் மாத்தினேன். உங்க வண்டியில பின் டிரெய்லியர் அவ்ளோ பெரிய பல்லைத் தாங்குமான்னு முதல்ல கேட்டுக்கோங்க, எல்லாத்துலயும் போடமுடியாது. "பெரிய பல்லு போட்டா வீக்குன்னு நினைப்பாங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. தொழில்முறை ரேஸ்ல மலை நாள்கள்ல அவங்களே பெரிய பல்லுதான் போடுறாங்க.

கெண்டைக்கால் புடிக்கிறவங்க சீட் உயரத்தைப் பாருங்க. சீட் ரொம்ப உயரமா இருந்தா ஒவ்வொரு மிதியோட அடியிலயும் நுனிக்காலால எட்டிப் பிடிக்க வேண்டிவரும். கெண்டைச்சதை சுருங்குன நிலையிலேயே வேலை செய்யும். சுருங்கின தசைதான் சீக்கிரம் புடிச்சுக்கும். அதனாலதான் தூக்கத்துல பாதத்தை நீட்டி சோம்பல் முறிக்கும்போதும் "ஆ"ன்னு புடிக்குது.

வேகம். இதைச் சொல்றது ஈஸி, செய்யுறது கஷ்டம். முதல் கால்வாசி மலையில முழு வாக்கியமா பேச முடியணும். பேச முடியலைன்னா வேகம் அதிகம். முந்துறவங்க முந்தட்டும். மலையே இல்லாத ஊர்ல எப்படிப் பழகுறது? ஈசிஆர்ல எதிர்க்காத்து அடிக்கிற நேரத்துல, நிறுத்தாம அரை மணி நேரம் கனமான கியர்ல மெதுவா மிதிங்க. இறக்கம் குடுக்குற ஓய்வு அங்கே கிடையாது. மலைக்கு ஈடாகாது, ஆனா மேம்பாலத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். கால்ல பழக்கம் இருக்கிற களைப்புக்கு நரம்பு பதறாது.

இதெல்லாம் செஞ்சும் புடிச்சா? அந்த மண்புழுத் துடிப்பு வந்த உடனே சுதாரிங்க. அதுதான் கடைசி மணி. எழுந்து நின்னு மிதிக்காதீங்க. கியரைக் குறைங்க, கால் வேலை செய்யும்போதே ஷூவைக் கழட்டுங்க, இடதுபக்கம் ஓரமா இறங்குங்க. தொடை முன்பக்கம்னா, எதையாவது பிடிச்சு நின்னுக்கிட்டு குதிகாலைப் பின்பக்கம் மடக்கிப் பிடிங்க. தொடை பின்பக்கம்னா, குதிகாலைக் கைப்பிடிச் சுவர் மேல வெச்சு முட்டியை மெதுவா நீட்டுங்க. கெண்டைக்கால்னா, குதிகாலைத் தரையில அழுத்தி, கால்விரலை முழங்காலை நோக்கி இழுங்க. வெடுக்குன்னு இழுக்காதீங்க. இருபது முப்பது செகண்ட் அப்படியே வெச்சிருங்க, துடிப்பு அடங்கும் வரைக்கும் திரும்பத் திரும்ப. அதுக்கப்புறம் கொஞ்ச தூரம் தள்ளிக்கிட்டு நடங்க. உடனே ஏறி மிதிச்சா அது திரும்ப வரும், கண்டிப்பா வரும்.

ரெண்டு எச்சரிக்கை. ரைடு முடிஞ்சு சிறுநீர் கோலா நிறத்துல போனாலோ, குழப்பமோ வாந்தியோ வந்தாலோ, வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி. பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அடிக்கடி புடிச்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க. மாத்திரையாலயும் வரலாம். நீங்களா நிறுத்தாதீங்க.

இந்த ஜனவரியில திரும்ப கொல்லிமலை போனேன். 34 பல்லோட. அடிவாரம் வரைக்கும் கடைசி ஆளா வந்தேன். 20-வது வளைவுல என்னை முந்தாதவங்க யாருமே இல்லை, ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டியில வாழைத்தார் கட்டிக்கிட்டுப் போன தாத்தா உட்பட. 43-வது போர்டைத் தாண்டும்போது ஷூவை முன்கூட்டியே கழட்டிட்டேன், பயம்தான். ஒண்ணும் ஆகலை. 51-ல மண்புழு வந்துச்சு. இறங்கிட்டேன். 53 வரைக்கும் தள்ளிக்கிட்டே நடந்தேன். எதிர்ல வந்த கார்ல இருந்து ஒருத்தர் "பஞ்சரா பாஸ்?"னார். "இல்லைங்க, கால் புடிக்கப் பார்க்குது"ன்னேன். இந்த முறை செயின் மேல பழி போடலை.

70 தாண்டி மேலே ஒரு அம்மா அன்னாசிப்பழம் வெட்டி வித்துக்கிட்டு இருந்தாங்க. உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் குடுத்தாங்க. பாட்டிக்கு உப்பு, நோபல்காரருக்குக் காரம். ரெண்டு பிளேட் சாப்பிட்டேன்.

அடுத்த எபிசோட்ல இறக்கம் பத்திப் பேசுறேன். பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சுக் கை மரத்துப்போகுதுன்னு கேட்டிருந்தீங்க இல்லையா, அது.